பாதி மாத்திரை

மே 9, வெள்ளி. வேலூர்.

பெட்டி கட்டி முடித்தாயிற்று. பெரிய பெட்டி ஒன்று, என் கேமரா பை, ரஞ்சிதத்தின் கைப்பை. ஐரோப்பா போவது என்று மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலேயே முடிவு செய்தது. இப்போதுதான் வாய்த்தது.

ரஞ்சிதம் காலையிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மாத்திரைய எங்கிட்டயே குடுத்துடுங்க. கைப்பையில வச்சுக்கறேன். டாக்டர் சீட்டும் இருக்கட்டும்."

மருந்து என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அந்த நரம்புக் கோளாறு வந்த நாளிலிருந்து கடைக்குப் போவதும் வேளை பார்த்து எடுத்துக் கொடுப்பதும் நான்தான். நோயின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. கை நடுங்கும், நடை தளரும், பேச்சு தணிந்துபோகும். வேளை தவறாமல் மாத்திரை போட்டால் வெளியாட்களுக்கு ஒன்றும் தெரியாது. அக்கம்பக்கத்தில்கூட யாருக்கும் தெரியாது. டூர் கம்பெனிக்காரர்கள் உடம்பைப் பற்றிக் கேட்டபோது முட்டி வலி என்றேன். இன்சூரன்ஸுக்கும் அதையேதான் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் வர வேண்டாம் என்பார்கள்.

மாத்திரை அட்டைகளையும் சீட்டையும் பெரிய பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். கையில் எடுத்துப்போனால் ஏர்போர்ட்டில் பையைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்புவார்கள். பின்னால் நம் குழு முழுக்க வரிசையில் நிற்கும். எதற்கு? வழிக்கென்று கொஞ்சம் மட்டும் கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டிருக்கிறேன்.

அவளிடம், "எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்றேன்.

மே 11, ஞாயிறு. பாரிஸ்.

நேற்று சென்னை ஏர்போர்ட்டில் குழுவைச் சந்தித்தோம். டூர் மேனேஜர் கிளமெண்ட், திருச்சிக்காரர், முப்பது வயதிருக்கும். எல்லோரையும் அப்பா அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். கரூரிலிருந்து பிரமிளா என்று ஒரு அம்மா, ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர். கணவர் பேசவே மாட்டேன் என்கிறார், இருவருக்கும் சேர்த்து அந்த அம்மாவே பேசிவிடுகிறார். ரஞ்சிதம் செருப்பை மாட்டத் தடுமாறியதைப் பார்த்து, "என்னங்க, முடியலையா?" என்றார். முட்டி வலி என்றேன்.

விமானத்தில் கடிகாரத்தை நம்பவில்லை. போன வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் இருக்க வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டே கொடுத்தேன். நடுவில் இறங்கி விமானம் மாறிய இடத்தில் ஒரு வேளை. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் மறைவில் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

பாரிஸில் பெட்டி வரவில்லை.

பெல்ட் நின்ற பிறகும் நின்றுகொண்டிருந்தோம். கிளமெண்ட் கவுண்டரில் எழுதிக் கொடுத்தார். "நாளைக்கு ஹோட்டலுக்கே வந்துடும் அப்பா. முக்கியமான சாமான் ஏதாவது அதுல இருக்கா? சொன்னா சீக்கிரம் தேடுவாங்க."

"துணிமணிதான்" என்றேன்.

ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். "மாத்திரை?"

"அதான் எங்கிட்ட இருக்குன்னு சொன்னேன்ல."

மே 12, திங்கள். பாரிஸ்.

பெட்டி வரவில்லை. ஈஃபில் டவர் பார்த்தோம். நாற்பத்தேழு படம் எடுத்தேன், வெளிச்சம் நன்றாக இருந்தது.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் கேமரா பையில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். இதே வேகத்தில் போட்டால் நாளை மறுநாள் தீர்ந்துவிடும். நாளை பெட்டி வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வராவிட்டால்?

அவள் குளிக்கப் போயிருந்தபோது ஒரு மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைத்தேன். சரிபாதியாக உடையவில்லை. பெரிய துண்டை அவளுக்கு வைத்தேன். மெத்தை விரிப்பில் சிதறிய பொடியை விரலால் ஒற்றி அதையும் அதன்மேல் தட்டினேன்.

"ஏங்க, பாதிதான் இருக்கு?"

"டாக்டர்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டேன். இங்க குளிரு, நேர வித்தியாசம் வேற. கொஞ்ச நாளைக்குப் பாதி போதும்னாரு."

அவள் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

மே 13, செவ்வாய். பிரஸ்ஸல்ஸ்.

நாங்கள் பாரிஸை விட்டுக் கிளம்பிய பிறகு பெட்டி பாரிஸுக்கு வந்து சேர்ந்ததாம். இங்கே அனுப்பி வைப்பார்களாம். நாளைக் காலை நாங்கள் இங்கிருந்தும் கிளம்பிவிடுவோம்.

கிளமெண்ட் போனில் நன்றாகத்தான் சண்டை போடுகிறார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று பஸ் நின்றபோது பக்கத்தில் போனேன். "சொல்லுங்க அப்பா" என்றார். பின்னாலேயே பிரமிளா நின்றிருந்தார். வைஃபை வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 14, புதன். ஜெர்மனி.

காலையில் ரஞ்சிதத்தால் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. நான் மாட்டிவிட்டேன். புடவை மடிப்பையும் நானே வைத்தேன், கோணலாக வந்தது. "பரவால்லைங்க, மேல ஸ்வெட்டர் போட்டா தெரியாது" என்றாள். குரல் இன்னும் தணிந்திருக்கிறது. இரண்டு முறை கேட்டால்தான் புரிகிறது.

மதியம் சாம்பாரைத் தட்டுக்கு வெளியே சிந்தினாள். கை அப்படி ஆடுகிறது. மேசைவிரிப்பு முழுக்கக் கறை. எதிரில் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சட்டென்று, "கொஞ்சம் பாத்துச் சாப்பிடக் கூடாது?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அது அவளுடைய கவனக்குறைவு என்று அந்த நால்வரும் நினைக்க வேண்டும் என்பதற்காக. இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது படியில் அப்படியே நின்றுவிட்டாள். கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. நான் கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து பிரமிளா, "சீக்கிரம் வாங்கம்மா, உங்களால எல்லா இடத்துக்கும் லேட்டாத்தான் போறோம்" என்றார்.

"முட்டி" என்றேன்.

மே 15, வியாழன்.

பெட்டி இன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. நாங்கள் ஸ்விட்சர்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டோம். பாதியையும் இனிக் கால் கால் துண்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

மே 16, வெள்ளி. ஸ்விட்சர்லாந்து.

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் ரஞ்சிதம் கட்டிலிலிருந்து எழ வெகுநேரம் பிடித்தது. உடம்பு பலகை மாதிரி இருந்தது. புரட்டி உட்கார வைத்தேன். இன்று பனிமலைக்குக் கேபிள் காரில் போவது. பயணத்திலேயே நான் எதிர்பார்த்திருந்த நாள் இதுதான், லென்ஸே இதற்காகத்தான் வாங்கினேன். கிளமெண்ட் பஸ்ஸில், "நடக்க முடியாதவங்க கீழ காஃபி ஷாப்ல உட்காரலாம், மூணு மணி நேரத்துல வந்துடுவோம்" என்றார்.

நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன். "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அவள் சொல்லக் காத்திருந்தவன் மாதிரி எழுந்தேன். காத்திருக்கத்தான் செய்தேன்.

அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனேன். கோப்பையை அவளால் தூக்க முடியுமா என்று யோசிக்கவில்லை. யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் போனேன்.

மேலே பனி கண்ணைப் பறித்தது. நிறையப் படம் எடுத்தேன். ஒன்றைக்கூட இன்னும் திறந்து பார்க்கவில்லை.

இறங்கி வந்தபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. டீ அப்படியே இருந்தது. கழிப்பறைப் பக்கம் பிரமிளாவின் குரல் கேட்டது. உயரம் என்றால் பயம் என்று அந்த அம்மாவும் கீழேயே தங்கியிருந்திருக்கிறார்.

ரஞ்சிதம் கழிப்பறைக்குப் போக எழுந்திருக்கிறாள். கதவு வரைக்கும் எப்படியோ போய்விட்டாள். வாசலில் கால் நகரவில்லை. உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அங்கேயே புடவை நனைந்துவிட்டது. பிறகு விழுந்திருக்கிறாள். நெற்றியில் சிராய்ப்பு.

நான் போனபோது பிரமிளா தன் பையிலிருந்த சுடிதாரை அவளுக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நனைந்த புடவையை அலசிப் பிழிந்து பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இவங்களுக்கு என்ன?" என்றார்.

"முட்டி..."

"சார். முட்டி வலிச்சா கை ஏன் நடுங்குது? பேச்சு ஏன் வரல? நான் நாலு நாளா இவங்கள ஏசிக்கிட்டு வரேன். எனக்கு என்ன பாவம் சேர்த்து வச்சிருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க."

நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் குனிந்தேன்.

"சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நரம்புக் கோளாறு என்பது, பெட்டிக்குள் மாத்திரை போனது, பாதியாக உடைத்தது, கால் துண்டாக்கியது, டாக்டரை நான் கேட்கவே இல்லை என்பது, எல்லாம். கிளமெண்டும் வந்து நின்று கேட்டார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "அப்பா, முதல் நாளே கேட்டேனே, பெட்டியில முக்கியமா ஏதாவது இருக்கான்னு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மே 17, சனி.

நேற்று அங்கிருந்து நேராக அந்த ஊரிலேயே ஒரு டாக்டரிடம் கிளமெண்ட் கூட்டிப்போனார். மற்றவர்கள் ஏரிக்கரையில் படகுக்குக் காத்திருந்தார்கள்.

டாக்டர் ஒரு பெண். நெற்றியைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு, ரஞ்சிதத்தின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று கேட்டார். நான் பெயரை யோசித்துச் சொல்வதற்குள் ரஞ்சிதம் கைப்பையைக் காட்டினாள். அதில் அவள் போன் இருந்தது. போனில் மருந்துச் சீட்டின் படம் இருந்தது, தெளிவாக, தேதியோடு. அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.

டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், எப்போதிருந்து அளவைக் குறைத்தீர்கள் என்று. திங்கட்கிழமையிலிருந்து என்றேன். யார் சொல்லி என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். இந்த மருந்தைத் திடீரென்று குறைத்தால் காய்ச்சல் கண்டு உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம், யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா என்றார். சொல்லியிருக்கிறார்கள். வேலூர் டாக்டர் எங்களை எதிரில் உட்கார வைத்தே சொல்லியிருக்கிறார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டவன் நான்.

சீட்டு எழுதிக் கொடுத்தார். தெருமுனையில் மருந்துக்கடை. பெயர் வேறு, மருந்து அதே. கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவுதான். பாரிஸில் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். கடை வாசலில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது என்னை ஒரு அடி அடித்தால் தேவலை என்றிருந்தது.

டப்பாவை ரஞ்சிதம் என்னிடமிருந்து வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இன்று காலை அவளே எழுந்து உட்கார்ந்தாள். பேச்சு தெளிந்திருந்தது. ஹோட்டல் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"டாக்டர்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டேன்னீங்க. அவரு நம்பர் எங்கிட்டதான் இருக்கு. உங்க போன்ல ஏதுங்க?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களாவே சொல்வீங்கன்னு பாத்தேன். தெனமும் பாத்தேன்."

"கிளமெண்ட்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே ரஞ்சிதம்."

"சொன்னா உங்களுக்கு அசிங்கமாப் போயிடும்னு விட்டேன்." ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளே இழுத்துவிட்டுக்கொண்டாள். "நேத்து அந்த வாசல்ல நின்னப்ப, எனக்கு அதைவிட என்ன அசிங்கம் வந்துடப் போவுதுன்னு தோணிச்சு. இனிமே விடமாட்டேங்க."

மன்னிச்சுடு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு என் பாரத்தை இறக்கிக்கொள்வது மாதிரி ஆகிவிடும் என்று ஏதோ ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அதுவும் கோழைத்தனம்தான்.

மே 18, ஞாயிறு. இத்தாலி போகும் வழி.

பஸ்ஸில் கிளமெண்ட் மைக்கை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, இதுவரை பார்த்ததில் பிடித்த இடம் எது என்று சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது ஈஃபில் டவர் என்று சொல்லிவிட்டு மைக்கைப் பின்னால் நீட்டினேன். நடுவில் ரஞ்சிதம் கையை வைத்து வாங்கிக்கொண்டாள். கை ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரு மனோரஞ்சிதம். வேலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தவ. எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. எனக்கு வந்திருக்கிறது பார்க்கின்சன்ஸ்."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது மடல் சுட்டது.

"மாத்திரை போட்டா நல்லா இருப்பேன். நேரம் ஆச்சுன்னா நடுங்கும். குரல் கேக்கலைன்னா இன்னொரு தடவை கேளுங்க, சொல்றேன். வாசப்படிகிட்ட வந்தா காலு நின்னுடும். அப்ப யாரும் புடிச்சு இழுக்காதீங்க, விழுந்துடுவேன். கொஞ்சம் பொறுத்தீங்கன்னா நானே வந்துடுவேன். உங்களுக்கெல்லாம் நேரமாக்கிட்டேன். தெரியும்." கிளமெண்ட் பக்கம் திரும்பினாள். "புடிச்ச இடம்னு கேட்டீங்க. இதுவரைக்கும் நான் எதையும் சரியாப் பாக்கல தம்பி. இனிமேதான் பாக்கணும்."

பின்வரிசையில் யாரோ ஒருவர், தன் அண்ணனுக்கும் அதே நோய்தான் என்றார். இன்னொருவர் தான் இன்சுலின் போட்டுக்கொள்வதைச் சொன்னார், ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாராம். பஸ் முழுக்க உடம்பைப் பற்றிய பேச்சாகிவிட்டது. யாரும் அவளை வேடிக்கை பார்க்கவில்லை. என்னைத்தான் சிலர் பார்த்தார்கள். இத்தனை வருஷம் எதற்காக மறைத்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் பிரமிளா வந்தார். "சார், நீங்க என் வீட்டுக்காரர்கூடப் போய் உக்காருங்க." ரஞ்சிதம் மறுக்கவில்லை. நான் எழுந்து போனேன். அந்த மனிதர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டேன். மிலான் வரைக்கும் இருவரும் பேசவில்லை.

மே 19, திங்கள். மிலான்.

பெட்டி வந்துவிட்டது. வேட்டிக்கு அடியில் எல்லா அட்டைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். வாங்கி எண்ணாமல் கைப்பையில் வைத்தாள். "துணிய மடிச்சு வைங்க, கசங்கிடும்" என்றாள்.

பெரிய மாதா கோயில் ஒன்றைப் பார்க்கப் போனோம். கேமராவை எடுத்துப் போகவில்லை. ரஞ்சிதமும் பிரமிளாவும் முன்னால் போனார்கள். நான் பின்னால் போனேன். அவள் தலையைத் தூக்கி மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தடுமாறுவாளோ என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் ஜன்னல்களைப் பார்க்கவில்லை.

மே 21, புதன். வேலூர்.

வீட்டுக்கு வந்தாயிற்று. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

சென்னையில் விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் முறை வந்து நடந்தோம். விமானத்தின் கதவருகே வந்ததும் ரஞ்சிதத்தின் கால் நின்றுவிட்டது. பின்னால் நீள வரிசை. என் கை தானாக அவள் கையைப் பிடிக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

"காலை நீட்டுங்க" என்றாள்.

"என்ன?"

"உங்க காலை என் பாதத்துக்கு முன்னாடி குறுக்கே நீட்டுங்க. எதையாவது தாண்டணும்னா காலு எழும்பும்."

"யார் சொன்னது?"

"பிசியோதெரபி பொண்ணு. போன வருஷமே சொல்லிக் குடுத்துச்சு. நீங்க வெளியில கார்ல உக்காந்திருந்தீங்க."

ஆமாம். ஒவ்வொரு வெள்ளியும் காரில்தான் இருப்பேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கண்ணாடியைக்கூட ஏற்றிவிட்டுக்கொள்வேன்.

அவள் செருப்புக்கு முன்னால் காலைக் குறுக்கே நீட்டினேன். பின்னாலிருந்து ஒருவர், "என்ன சார் அங்க, ஏன் நிக்கிறீங்க?" என்று குரல் கொடுத்தார்.

"என் மனைவிக்குப் பார்க்கின்சன்ஸ்" என்றேன். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தேவைக்கு மேலேயே சத்தமாக வந்துவிட்டது. விமானப் பணிப்பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் பொறுங்க. அவங்களே வந்துடுவாங்க."

ரஞ்சிதம் குனிந்து என் காலைப் பார்த்தாள். பாதத்தைத் தூக்கினாள். தாண்டினாள். பிறகு நிற்காமல் நடந்தாள்.

வேலூர் வரும் வழியில் காரில், "இந்த வெள்ளிக்கிழமை நானும் உள்ள வரட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாலாஜா தாண்டிய பிறகுதான் பதில் வந்தது.

"பாக்கலாம்" என்றாள்.